தலைவிதிக்குக் கிழமை உண்டா?

நம் நாட்டில் ஒரு மனிதன் வியாதியாய்ப் படுத்துவிட்டால் முதலில் கூப்பிடப்படுகிறவர் வைத்தியர் அல்ல, ஜோசியர்தான் என்று நாம் சொன்னால், அது அந்தக் காலத்துச் சங்கதி, இப்போது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரியும் இரத்தப் பரிசோதனை நிலையமும் இருக்கும்போது இன்னும் பழைய பல்லவியையே பாடுகிறீர்களே என்று சில தோழர்கள் நம்மைப் பரிகாசம் செய்கின்றார்கள். ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே தலைவிதி என்னும் சரக்கு எவ்வளவு தாராளமாய்ச் செலாவணியாகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் ஐந்து நிமிஷம் பேசிப் பார்த்தால் போதும்.

இந்த நோயாளிகள் வாரத்திற்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ மிஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள். இது வழக்கமான போக்குவரத்து. ஆனால் நடுநடுவே ஒரு நாள் நடு இரவில் மூச்சு முட்டுகிறது. அல்லது குளிர் ஜுரம் வந்து உடம்பு உதறுகிறது. அல்லது நெஞ்சு படபடத்துக் கை கால் ஓய்ந்து போகின்றது. உடனே தூக்கிக்கொண்டு ஓடி வார்டில் சேர்க்கிறார்கள். நாலு நாளோ பத்து நாளோ கிடந்து, உள்ள நகையை எல்லாம் அடகு வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. ஏன் அம்மா மறுபடியும் சேர்த்தீர்கள் என்று கேட்டால், "என்ன செய்யறதுங்க, அவர் தலையெழுத்து" என்கிறார் ஒருவர். "ஏழரைச் சனி இன்னும் விடலை" என்கிறார் இன்னொருவர். பி.ஏ., எம்.ஏ. படித்த பிள்ளையும் பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் போடுகிறான்.

சரி, தலையெழுத்து என்றே வைத்துக் கொள்ளுவோம். அப்படியானால் அந்த எழுத்துக்குக் கிழமை உண்டா என்பதுதான் நாம் இன்று கேட்க வந்த கேள்வி.

அதற்கு முன் மிஷினைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். நாம் டாக்டரல்ல; படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகின்றோம். குண்டிக்காய் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த சிறுநீரகம் இரண்டும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, நல்லதைத் திருப்பி இரத்தத்திலேயே விட்டு, வேண்டாததை ஒன்றரை, இரண்டு லிட்டர் மூத்திரமாக வெளியே தள்ளுகின்றன. இந்த வேலை வாரத்திற்கு 168 மணி நேரமும் நடக்கிறது. பண்டிகை லீவு கிடையாது; அமாவாசை கிடையாது. சர்க்கரை வியாதியாலோ இரத்தக் கொதிப்பாலோ வேறு காரணத்தாலோ இவை கெட்டுப் போனால், மிஷின் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்; மூன்று தடவைக்குப் பன்னிரண்டு மணி. ஆக, 168 மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணியில் முடித்தாக வேண்டும். மீதி 156 மணி நேரமும் குடித்த தண்ணீரும், உப்பும், பொட்டாசியம் என்னும் சத்தும் உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகின்றன. தண்ணீர் மிஞ்சினால் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். பொட்டாசியம் மிஞ்சினால் இருதயம் தாளம் தவறி நின்றே போகும்.

இப்போது கிழமைக்கு வருவோம். டயாலிசிஸ் நிலையங்களில் சாதாரணமாக நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்தாருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மற்றொரு கூட்டத்தாருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. இதனால் முதல் கூட்டத்தாருக்கு வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரையிலும், இரண்டாவது கூட்டத்தாருக்குச் சனிக்குப் பிறகு செவ்வாய் வரையிலும் ஒரு நீண்ட இடைவெளி வந்து விடுகின்றது. அமெரிக்காவில் 32,065 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 2011-ம் வருஷத்தில் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்த நீண்ட இடைவெளி முடிகின்ற நாளில் சாவு, 100 பேருக்கு வருஷத்திற்கு 22.1 என்ற வீதத்தில் இருந்தது. மற்ற நாட்களில் 18.0. இருதயம் தண்ணீரைத் தாங்க மாட்டாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது அந்த நாளில் 29.9, மற்ற நாட்களில் 16.9. மாரடைப்புக்காகச் சேர்த்ததும் அப்படியே அதிகம்.

தோழர்களே, இதைச் சற்று நிதானமாய் யோசித்துப் பாருங்கள். சனி பகவானோ எமதர்மனோ முதல் கூட்டத்தாரைத் திங்கட்கிழமையிலும், இரண்டாவது கூட்டத்தாரைச் செவ்வாய்க்கிழமையிலும் அதிகமாய்ப் பிடிக்கிறார் என்று ஏற்படுகிறது. அப்படியானால் அவர் பார்ப்பது பஞ்சாங்கமா, ஆஸ்பத்திரியின் ஷிப்டு நோட்டா? ஒருவரைச் செவ்வாய்க் கூட்டத்திலிருந்து திங்கள் கூட்டத்திற்கு நர்ஸ் ஒருவர் பேனாவால் மாற்றி எழுதினால், அவருடைய ஆபத்து நாளும் கூடவே மாறிவிடுகின்றது. பிரமன் எழுதிய எழுத்தை நர்ஸ் அம்மாள் அழித்து எழுத முடிகிறதென்றால், பிரமனுக்கு என்ன யோக்கியதை மிச்சம் இருக்கிறது? ராகுகாலம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரையில். திங்கள் காலை முதல் ஷிப்டில் படுக்கிறவர்கள் எல்லோரும் வாரந்தோறும் அந்த நேரத்தில் மிஷினில்தான் கிடக்கிறார்கள். ராகு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. மிஷினுக்கு வராமல் இருந்த ஞாயிறுதான் செய்தது.

அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது என்பதும் வேடிக்கையான சங்கதி. ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் கடவுள் களைப்பாறினார் என்று ஒரு கதை. அந்தக் கதையை நம்பிய நாட்டார் வாரத்தில் ஒரு நாளைப் பூட்டி வைத்தார்கள். அவர்கள் நம்மை ஆண்டபோது அந்தப் பூட்டை நமக்கும் விட்டுவிட்டுப் போனார்கள். தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். அதை நாம் என்றும் ஆதரிப்போம். ஆனால் ஆட்களை மாற்றி மாற்றி அமர்த்தி ஏழு நாளும் மிஷினை ஓட்டுவது ரயிலுக்கும் போலீசுக்கும் முடிகிறபோது இதற்கு மாத்திரம் ஏன் முடியாது?

நிற்க. மேலே சொன்னதெல்லாம் வாரத்திற்கு மூன்று தடவை செய்துகொள்ளும் நாட்டின் கணக்கு. நம் நாட்டிலோ பணமில்லாத காரணத்தால் இரண்டு தடவையோடு நிற்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பன்னிரண்டு மணி எட்டு மணியாகின்றது. நடுவில் விழும் இடைவெளி மூன்று நாள், நாலு நாள் ஆகின்றது. ஒரு நாள் அதிகப்படியான இடைவெளிக்கே அவ்வளவு வித்தியாசம் என்றால், இதற்கு என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய விவரம் சொல்லியாக வேண்டும். இந்த மிஷினைப் பிழைக்கும்படி முதலில் செய்து காட்டியவர் ஹாலந்து தேசத்து டாக்டர் கோல்ஃப். 1943-ம் வருஷத்தில், நாஜிகளின் பிடியில் நாடு இருந்தபோது, கறிக் குடலுக்கு உறை போடும் காகிதத்தைக் கொண்டு செய்தார். முதலில் சேர்த்தவர்கள் அநேகமாய் எல்லோரும் மாண்டார்கள். அவர் தேங்காய் உடைத்துப் பார்க்கவில்லை. எங்கே தப்பு என்று பார்த்தார். 1945-ல் 67 வயது அம்மாள் ஒருவர் பிழைத்தெழுந்தார். அந்த அம்மாள் நாஜிகளோடு ஒத்துழைத்ததற்காகச் சிறையில் இருந்தவர். டாக்டர் பாவ புண்ணியம் பார்க்கவில்லை.

பாவ புண்ணியம் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். 1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ஸ்கிரிப்னர், ஒரே நோயாளிக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். மிஷின் சில, நோயாளிகளோ பலர். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் அடங்கிய ஒரு கமிட்டியை வைத்தார்கள். அதில் ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பாங்கிக்காரர், ஒரு குடும்பப் பெண், ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு தொழிலாளர் தலைவர், ஒரு அறுவை டாக்டர். வருமானம் என்ன, குழந்தைகள் எத்தனை, சர்ச்சுக்கு ஒழுங்காய்ப் போகிறவனா என்பது வரையில் பார்த்து, இவன் இருக்கட்டும், அவன் சாகட்டும் என்றார்கள். 1962-ல் ஒரு பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. ஜனங்கள் அந்தக் கமிட்டிக்கு வைத்த பெயர் கடவுள் கமிட்டி! வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். 1972-ல் அந்நாட்டுச் சர்க்கார் ஏறக்குறைய எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் செய்தது. பொதுப்பணம் வந்தது, கடவுள் கமிட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நம் ஊரில் அப்படி ஏழு பேர் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. மணிபர்சே தீர்மானிக்கிறது.

உதாரணமாக, தியாகராய நகரில் ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஒரு தோழரை எடுத்துக் கொள்ளுவோம். டயாலிசிஸ் நாலு மணி நேரம் என்று காகிதத்தில் இருக்கிறது. போக, காத்திருக்க, முடிந்த பிறகு தலை சுற்றல் தெளிய, திரும்பி வர, ஒரு நாள் கூலி போயிற்று. வாரத்தில் மூன்று நாள் வராத ஆளை எந்த முதலாளி வைத்துக் கொள்ளுவார்? ஆடித் தள்ளுபடி என்றும் தீபாவளி என்றும் வியாபாரம் சூடு பிடிக்கிற மாதத்தில் லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது. அவர் ஒரு முறையைத் தள்ளிப் போடுகிறார். நரகாசுரன் செத்த நாளுக்கு இவருடைய நுரையீரல் விலை கொடுக்கிறது. அந்த நகரத்திற்குப் பெயர் கொடுத்த தியாகராயரும், அங்கே ரோட்டுக்குப் பெயரான டாக்டர் நாயரும், பூங்காவுக்குப் பெயரான டாக்டர் நடேசனும் நம் இயக்கத்துக்கு முன்னோடிகள். பின்னவர் இருவரும் வைத்தியத் தொழில் செய்தவர்கள். இவர்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்த ஊரில் இப்படி நடக்கிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். 2009-ல் கலைஞர் பெயரால் ஏற்பட்டு 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர் மாறிய திட்டத்தில் டயாலிசிஸும் சேர்ந்திருக்கிறது. பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மிஷின்கள் இருக்கின்றன. 1993-ல் சென்னையில் தோன்றிய டாங்கர் அறக்கட்டளை போன்றவை ஏழைகளுக்குக் குறைந்த செலவிலும் இலவசமாயும் செய்து வருகின்றன. இவையெல்லாம் இல்லாவிட்டால் ஏழைக்குச் சுடுகாடுதான் கதி. ஆனால் மிஷின் செலவைக் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு வரும் வண்டிச் சத்தத்தையும் போன கூலியையும் நோயாளி தலையில் போட்டால், அவன் மூன்று தடவைக்குப் பதில் இரண்டு தடவைதான் வருவான். பிறகு அவனை அவசர வார்டில் சேர்த்துப் பிராண வாயு வைத்துக் காப்பாற்ற அதே சர்க்கார் இன்னும் அதிகப் பணம் செலவழிக்கும்.

இனி மயிலாப்பூர். பங்குனியில் அறுபத்து மூவர் வந்தால் நாலு மாடவீதியிலும் வண்டி போக இடமில்லை. அன்றைக்கு முறை உள்ள நோயாளி எப்படிப் போவான் என்று திருவிழாக் கமிட்டியார் எவராவது யோசித்தது உண்டா? அது போகட்டும். வழி நெடுகப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், இளநீர், சுண்டல் என்று கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். நமக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டவனுக்கு இளநீர் பொட்டாசியக் குடம். வெல்லப் பானகமும், வாழைப்பழமும் பேரீச்சையும் பிசைந்த பஞ்சாமிர்தமும் அதே ஜாதிதான். வேறு ஒரு வீட்டில் இவற்றைக் கொடுத்தால் வேண்டாம் என்பான். பிரசாதம் என்றால் மறுக்கக் கூடாது, சுவாமி குற்றம் என்று வாயில் போட்டுக் கொள்ளுகிறான். அன்று இரவு நெஞ்சு படபடக்கிறது. இன்னொருவர் சஷ்டி விரதம் என்று பட்டினி கிடந்து, மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மறுநாள் மிஷினில் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் போட்டு விழுகிறார்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை காப்புக் கயிறு. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் இரத்தக் குழாய் இரண்டை இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்றைச் செய்திருப்பார்கள். அதுதான் அவர்களுடைய உயிர்நாடி. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வாட்சும் இறுக்கிக் கட்டக் கூடாது என்று டாக்டர்கள் தலைப்பாடாய் அடித்துக் கொள்ளுகிறார்கள். நம் பூசாரியார் வந்து மந்திரித்து அதே மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுகிறார், ஆயுள் நீள வேண்டும் என்று!

இந்த ஃபிஸ்டுலாவைச் செய்து அது பழுத்து உபயோகத்துக்கு வர வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆகும். ஆகவே மிஷின் தேவைப்படுவதற்கு வெகு முன்பே செய்துகொள்ளச் சொல்லுகிறார்கள். இங்கேதான் நம் ஜனங்கள் மோசம் போகிறார்கள். ஆடி கழியட்டும், அஷ்டமி கழியட்டும், ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டுப் பார்ப்போம், கிரியேட்டினின் இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார் என்று நாளைக் கடத்துகிறார்கள். கடைசியில் ஒரு நடு இரவில் மூச்சு முட்டி வந்து, வேறு வழியில்லாமல் கழுத்தில் குழாய் சொருகி டயாலிசிஸ் ஆரம்பிக்கிறது. அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே இரத்தத்தில் இறங்குவது ஃபிஸ்டுலாவைவிட வெகு சுலபம். குளிர் ஜுரத்தோடு வந்து சேருகிறவர்களில் இந்தக் கழுத்துக் குழாய்க்காரர்கள் அதிகம். நல்ல நேரம் பார்த்ததன் பலன் இது.

பிரார்த்தனை ஒன்றும் செய்யாதா என்று கேட்கிறவர்களுக்குத் தமிழ்நாடே பார்த்த ஒரு பரீட்சையை ஞாபகப்படுத்துகின்றோம். 1984-ம் வருஷம் அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் கெட்டு, சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நாடு முழுதும் கோயில், சர்ச், மசூதி ஒன்று பாக்கியில்லாமல் பிரார்த்தனை. மண்சோறு சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், தீ மிதித்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஏழைகளின் அன்பை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் அவரைப் பிழைக்க வைத்தது எது? இங்கே டயாலிசிஸ்; பிறகு விமானத்தில் நியூயார்க்கு புரூக்ளின் ஆஸ்பத்திரி; டிசம்பரில் அவருடைய அண்ணன் மகள் கொடுத்த ஒரு சிறுநீரகம். 1987 டிசம்பர் வரையில் வாழ்ந்தார். மண்சோறு சாப்பிட்டவர்களில் எவருக்காவது அதே வியாதி வந்திருந்தால் அவர்களுக்கு எந்த விமானம் வந்திருக்கும்?

பெரியாரும் கடைசி வருஷங்களில் மூத்திரக் குழாயும் வாளியுமாகத்தான் ஊர் ஊராய்ச் சுற்றினார். 1973 டிசம்பர் 19-ந் தேதி தியாகராய நகரில் வலியோடு பேசியதுதான் கடைசிப் பேச்சு. 24-ந் தேதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் அங்கே போனது டாக்டர்களுக்காக; ஜெபக்கூடத்துக்காக அல்ல. அதே வேலூரில்தான் 1971-ல் இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரகத்தை வெற்றிகரமாய் மாற்றி வைத்தார்கள்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, அப்படியானால் எல்லாம் நோயாளியின் குற்றந்தான், வாயைக் கட்டாதவன் அனுபவிக்கட்டும் என்று யாராவது சொல்ல வருவார்களானால் அவர்களை நாம் வைதிகர்களைவிட மோசமானவர்கள் என்போம். "தண்ணி குடிச்சியா? குடிச்சா அனுபவி" என்று வார்டில் அதட்டுகிறவர்களையும் சேர்த்தே சொல்லுகின்றோம். அது கர்ம பலன் என்பதையே வெள்ளைக் கோட்டு மாட்டிச் சொல்லுவதாகும். தாகம் எடுப்பது கொழுப்பினால் அல்ல, உப்பினால். சாம்பாரிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உப்பைக் குறைத்தால் தாகம் தானே குறையும் என்று பொறுமையாய்ச் சொல்லிக் கொடுத்தவர் யார்? சமைக்கும் அம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னவர் யார்? அன்றியும், எல்லாம் ஒழுங்காய்ச் செய்கிறவர்களும் ஆஸ்பத்திரியில் சேரத்தான் வேண்டியிருக்கிறது. வியாதி அப்படிப்பட்டது; 168 மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணியில் செய்கிற மிஷினுக்கு அவ்வளவுதான் சக்தி. காரணம் இருக்கிறது, அதற்கு இன்னும் பரிகாரம் அகப்படவில்லை என்பது வேறு. காரணமே இல்லை, விதி என்பது வேறு.

ஆகவே ஒரு நோயாளி வார்டில் சேர்க்கப்பட்டால், வீட்டார் கேட்க வேண்டியது ஜாதகத்தை அல்ல. கடைசி முறை எந்த நாள்? நடுவே எத்தனை நாள் விட்டுப்போயிற்று? எடை எத்தனை கிலோ ஏறியிருந்தது? ஃபிஸ்டுலாவா, கழுத்துக் குழாயா? விட்டுப்போனதற்கு வண்டிக்குக் காசில்லாதது காரணமா, முதலாளி விடாதது காரணமா? ஆஸ்பத்திரியாரும் இதைக் குறித்து வைத்து, மாதம் ஒரு முறை வெளியே சொல்லட்டும். எந்தக் கிழமையில் அதிகம் சேருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூட்டைத் திறப்பதா வேண்டாமா என்ற விவாதமே இருக்காது. வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாய்த் தாங்களே செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்றும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கு வேண்டிய திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. மிஷினுக்குப் போக வண்டிச் சத்தமும் லீவும் இல்லாத எத்தனை பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்?

மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு பகுதித் தோழர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்லுகின்றோம். உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் யார் யார், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். அறுபத்து மூவரும் தீபாவளியும், மழை வெள்ளம் வந்து அடையாற்றுப் பாலத்தருகே ரோடு அடைபடுகிற நாளும் வரும்போது, ஆட்டோ வைத்திருக்கும் நம் தோழர்கள் இரண்டு பேர் அந்த நோட்டைப் பார்த்து அவர்களை முறை தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவரட்டும். பெட்ரோல் செலவுக்கு உண்டியல் நாமே குலுக்குவோம். கோயில் வாசலிலேயே நின்று குலுக்கினாலும் ஆட்சேபணையில்லை. அங்கேதான் சில்லறை அதிகம் விழுகிறது.